கோஷம் எப்போது குற்றமாகிறது? குர்து முழக்கங்களும் பேச்சுரிமையின் எல்லையும்

2025 பிப்ரவரி 27 அன்று இஸ்தான்புல் ஹோட்டல் ஒன்றின் அரங்கில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. எழுதியவர் அப்துல்லா ஓஜலான். குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி என்ற பிகேகேயின் நிறுவனர், 1999 முதல் இம்ராலி தீவுச் சிறையில் இருப்பவர். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு இயக்கத்தைக் கலைத்துவிடுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். துருக்கி மொழியில் பெர்வின் புல்தான் வாசித்தார். குர்து மொழியில் வாசித்தவர் மூத்த அரசியல்வாதி அஹ்மத் துர்க்.

இதே அஹ்மத் துர்க்குக்கு 2007இல் ஒரு துருக்கி நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஓஜலான் பெயருக்கு முன்னால் ‘சாயின்’ என்று சேர்த்துச் சொன்னார் என்பதே குற்றம். நம் ஊரில் ‘திரு’ என்று சொல்வது போன்ற மரியாதைச் சொல் அது. குற்றத்தையும் குற்றவாளியையும் புகழ்ந்தார் என்று தண்டனைச் சட்டத்தின் 215ஆம் பிரிவில் தீர்ப்பு எழுதினார்கள்.

அதே 2007இல் தேசியவாதத் தலைவர் தெவ்லெத் பாஹ்செலி எர்சுரூம் தேர்தல் கூட்டத்தில் ஒரு தூக்குக் கயிற்றைக் கூட்டத்தை நோக்கி வீசி, ஓஜலானைத் தூக்கில் போடச் சொல்லி அரசுக்குச் சவால் விட்டார். 2024 அக்டோபரில், ஓஜலான் நாடாளுமன்றத்துக்கே வந்து இயக்கம் கலைந்துவிட்டதாக அறிவிக்கட்டும் என்று சொன்னவரும் இந்த பாஹ்செலிதான். அப்புறம் ஓஜலானை ‘நிறுவிய தலைவர்’ என்றே குறிப்பிட ஆரம்பித்தார். அவர் மீது வழக்கில்லை. இருக்கவும் கூடாது. ஆனால் அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில், ஒரு கோஷத்துக்காகவும் ஒரு மரியாதைச் சொல்லுக்காகவும் சிறைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் சொன்னது உண்மையிலேயே ஆபத்தானதா, அல்லது அதைச் சொன்ன காலமும் சொன்ன ஆளும்தான் குற்றமானதா?

ஒரே சட்டம், இரண்டு வேலை

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப் போருக்குப் பின் வரைந்த எல்லைகளில் குர்துகளுக்கென்று ஒரு நாடு கிடைக்கவில்லை. துருக்கி, ஈரான், இராக், சிரியா என நான்கு நாடுகளில் பிரிந்து வாழ்கிறார்கள். இவர்களில் அதிகம் பேர் இருப்பது துருக்கியில். அங்கே 1978இல் பிகேகே உருவானது. 1984 ஆகஸ்டில் எருஹ், ஷெம்தின்லி தாக்குதல்களோடு ஆயுதப் போர் தொடங்கியது. அதன் பிறகு 40,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ராணுவம் குர்து கிராமங்களைக் காலி செய்தது, எரித்தது. பிகேகேயும் ஆசிரியர்களையும், அரசின் ஊர்க்காவலர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கொன்றிருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுப் பேச்சுரிமை பற்றிப் பேசினால் அது நேர்மையாக இருக்காது. பயந்துபோன ஒரு சமூகத்தில்தான் இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டன.

1983இல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த 2932ஆம் எண் சட்டம் குர்து மொழியில் வெளியிடுவதையே தடுத்தது. சட்டத்தில் ‘குர்து’ என்ற சொல் கிடையாது. துருக்கி அங்கீகரித்த நாடுகளின் முதல் அதிகார மொழியாக இல்லாத எந்த மொழியும் கூடாது என்று சுற்றிவளைத்து எழுதியிருந்தார்கள். 1991 ஏப்ரலில் இந்தத் தடை நீங்கியது. நீக்கிய சட்டம் எது என்று பார்த்தால், 3713ஆம் எண் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம். மொழித் தடையை ரத்து செய்த அதே சட்டம்தான் எட்டாம் பிரிவில் பிரிவினைப் பிரசாரத்தையும், ஏழாம் பிரிவில் பயங்கரவாத அமைப்புக்கான பிரசாரத்தையும் குற்றமாக்கியது. இனிக் குர்து மொழியில் பேசலாம். என்ன பேசினார்கள் என்பதை மட்டும் அரசு வழக்கறிஞர் கவனித்துக்கொள்வார் என்ற ஏற்பாடு. எட்டாம் பிரிவு 2003இல் நீக்கப்பட்டது. ஏழாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்றும் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

புதிய சட்டம் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1991 நவம்பர் 6 அன்று லைலா ஸானா என்ற இளம் உறுப்பினர் அங்காரா நாடாளுமன்றத்தில் பதவியேற்க மேடை ஏறினார். தலையில் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறப் பட்டை, குர்துகளின் வண்ணங்கள். சட்டப்படியான உறுதிமொழியைத் துருக்கி மொழியில், அவையினர் மேசையைத் தட்டிக் கூச்சலிட்ட நடுவில், முழுவதுமாகப் படித்து முடித்தார். கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தைக் குர்து மொழியில் சேர்த்தார்: துருக்கி மக்களும் குர்து மக்களும் சகோதரர்களாக வாழ்வதற்காக இந்த உறுதிமொழியை ஏற்கிறேன். 1994இல் அவரது நாடாளுமன்றப் பாதுகாப்பு பறிக்கப்பட்டது; ஆயுத அமைப்பின் உறுப்பினர் என்று 15 ஆண்டுச் சிறை. வழக்கில் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும் 15 ஆண்டு என்று சொல்வது சரியாகாது. ஆனால் நாட்டின் நினைவில் அவரைக் குற்றவாளியாக நிறுத்தியது அந்த வாக்கியமும் அந்தப் பட்டையும்தான். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001இல் சொன்னது. அவர் வெளியே வந்தது 2004இல்.

கைதட்டியதற்கு ஆறு ஆண்டு

கோஷம் எப்படிக் குற்றமாகிறது என்று கிட்டத்தில் பார்க்க எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும் வழக்கு ஒன்று உண்டு. 2006 மார்ச்சில், துருக்கியின் பெரிய குர்து நகரமான தியார்பகிரில், ராணுவத்தோடு நடந்த மோதலில் இறந்த பிகேகே போராளிகளின் இறுதி ஊர்வலம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டார்கள். அதில் ஓர் இளைஞர் இரண்டு விரலை விரித்து வெற்றிச் சைகை காட்டினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் தீஜ்லே பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் ஆர்ப்பாட்டம். அங்கே மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். அவருக்கு விதித்த தண்டனை ஆறு ஆண்டு மூன்று மாதம்.

இது எப்படி முடிந்தது? பிரசாரக் குற்றத்துக்கு அதிகபட்சமே ஐந்து ஆண்டுதானே? இங்கேதான் துருக்கித் தண்டனைச் சட்டத்தின் 220ஆம் பிரிவு ஆறாம் உட்பிரிவு வருகிறது. ஒருவர் ஓர் அமைப்பின் உறுப்பினராக இல்லாவிட்டாலும், அந்த அமைப்பின் ‘சார்பில்’ ஒரு குற்றம் செய்தால் உறுப்பினருக்குரிய தண்டனையை அவருக்கும் கொடுக்கலாம் என்று அப்போது சொன்னது அது. நீதிமன்றங்கள் இதை எப்படிப் பொருத்தின என்று பாருங்கள். பிகேகே சார்பு ஊடகங்கள் ஊர்வலத்துக்கு வரும்படி மக்களை அழைத்திருந்தன. ஆகவே வந்தவர்கள் பிகேகேயின் அழைப்பை ஏற்று வந்தார்கள். ஆகவே அங்கே அவர்கள் செய்தது அமைப்பின் சார்பில் செய்தது. ஆகவே அவர்களும் உறுப்பினர்கள் மாதிரிதான். நான்கு படி ஏறுவதற்குள் கைதட்டியவரும் துப்பாக்கி ஏந்தியவரும் ஒரே பிரிவில் வந்து நிற்கிறார்கள்.

2017 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. அமைதியாக ஆர்ப்பாட்டத்துக்குப் போன ஒருவருக்கும் அமைப்புக்குள் இருந்து குற்றம் செய்த ஒருவருக்கும் இடையே இந்தப் பிரிவு எந்த வேறுபாடும் வைக்கவில்லை, இப்படித் தண்டனை வரும் என்று ஒரு குடிமகனால் முன்கூட்டியே அறிய முடியாது என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், அது கோஷம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள்ளேயே போகவில்லை. சட்டம் என்ற பெயருக்குத் தகுதியானதா இது என்று கேட்டது.

பாத்மான் நகரில் 2009 அக்டோபரில் கைதான 15 வயதுச் சிறுமியின் கதையும் இதே வழிதான். ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போட்டாள், கல் எறிந்தாள் என்று குற்றச்சாட்டு, அவள் மறுத்தாள். பதின்மூன்றரை ஆண்டு என்று கணக்கிட்டு, வயதைக் கருதி ஏழு ஆண்டு ஒன்பது மாதமாகக் குறைத்தார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2010 ஜூலையில் நாடாளுமன்றம் சிறுவர்களுக்காகச் சட்டத்தைத் திருத்தியது. அவள் வீடு திரும்பினாள்.

யார் சொன்னார், எங்கே, எப்போது

‘பிஜீ செரோக் ஆப்போ’ (தலைவர் ஆப்போ வாழ்க; ஆப்போ என்பது ஓஜலானின் செல்லப்பெயர்), ‘ஷெஹீத் நாமிரின்’ (தியாகிகளுக்கு மரணமில்லை), ‘பே ஸிமான் ஜியான் நாபே’ (மொழியின்றி வாழ்வில்லை). குர்து ஊர்வலங்களில் காதில் விழும் கோஷங்களில் சில இவை. மூன்றாவதில் எந்தச் சிக்கலும் இருக்கக் கூடாது என்பது எளிது. முதல் இரண்டும் எளிதல்ல. ஆயுதம் ஏந்திய ஓர் அமைப்போடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பது வெளிப்படை. இன்னும் ஒன்று உண்டு: ‘பல்லுக்குப் பல், ரத்தத்துக்கு ரத்தம், உன்னோடு இருக்கிறோம் ஓஜலான்’. இதில் ரத்தம் நேரடியாகவே வருகிறது. இதையும் அனுமதிக்க வேண்டுமா?

ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இந்த இடத்தில் மெல்ல மெல்ல ஒரு வழியைக் கண்டிருக்கிறது. 2010இல் அதன் முன் வந்த ஒரு வழக்கு துருக்கி இடதுசாரிகளுடையது. ‘அரசியல் அதிகாரம் துப்பாக்கிக் குழலிலிருந்து பிறக்கிறது’ என்று கோஷம் போட்டவர்கள் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். வார்த்தையை மட்டும் பார்த்தால் அது வன்முறைதான். ஆனால் இவை எல்லோரும் அறிந்த, வழக்கமாகிப்போன கோஷங்கள், அனுமதி பெற்ற ஊர்வலங்களில் எழுந்தவை, இவற்றால் யாரும் அடிக்கக் கிளம்பும் நிலை இல்லை என்று நீதிமன்றம் கண்டு, பேச்சுரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. 2013இல் ‘சாயின்’ வழக்கிலும் அதே முடிவு. அந்த வழக்கில் 19 பேர், அரசு வழக்கறிஞருக்கு எழுதிய மனுக்களில் அந்த மரியாதைச் சொல்லைப் பயன்படுத்தியதற்காகவே தண்டிக்கப்பட்டிருந்தார்கள்.

இந்த நீதிமன்றம் எப்போதும் பேச்சுரிமைப் பக்கமே நின்றதாக நினைத்துவிட வேண்டாம். 1987இல் தியார்பகிரின் முன்னாள் மேயர் மெஹ்தி ஸானா (லைலா ஸானாவின் கணவர்) சிறையில் இருந்தபடி ஒரு பேட்டியில், பிகேகேயின் தேசிய விடுதலை இயக்கத்தை ஆதரிக்கிறேன், படுகொலைகளை ஆதரிக்கவில்லை, தவறு எல்லோரும் செய்வார்கள், பிகேகே பெண்களையும் குழந்தைகளையும் தவறுதலாகக் கொல்கிறது என்ற பொருளில் சொன்னார். ‘ஜும்ஹுரியெத்’ நாளிதழ் அதை வெளியிட்டது. ஓராண்டுச் சிறை. அந்தத் தண்டனை உரிமை மீறல் அல்ல என்று 1997இல் ஸ்ட்ராஸ்பர்க் சொன்னது. 12 நீதிபதிகள் ஒரு பக்கம், 8 பேர் மறுபக்கம். சொன்னவர் சாதாரண ஆளல்ல, அந்தப் பகுதியின் பெரிய நகரத்து முன்னாள் மேயர். சொன்ன நேரத்தில் அங்கே பொதுமக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய நாளிதழில் வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் எடுத்துக்கொண்டது இந்த மூன்றையும். கேட்ட கேள்விகள் சரியானவை என்றே நான் நினைக்கிறேன். விடையில்தான் எனக்கு உடன்பாடில்லை. படுகொலையை ஆதரிக்கவில்லை என்று ஒருவர் சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்கக் கூடாது.

1999 ஜூலை 8 அன்று துருக்கிக்கு எதிரான 13 பேச்சுரிமை வழக்குகளில் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது. பதினொன்றில் மீறல், இரண்டில் மீறல் இல்லை. அந்த இரண்டில் ஒன்றில், ஒரு வாரப் பத்திரிகை வாசகர் கடிதங்களை வெளியிட்டிருந்தது. அவை ஆட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு வெறுப்பைக் கிளறின. அவர்கள் தாக்கப்படும் அபாயம் இருந்தது என்று நீதிமன்றம் கருதியது. இங்கே கோடு போட்டது நியாயம். அதே நாளில் ஒரு கவிஞரின் வழக்கில், கவிதை மிகச் சிலரையே சென்றடையும் கலை வடிவம் என்று சொல்லி அவரை விடுவிக்கும் பக்கம் நின்றது. தமிழில் எழுதுகிற எவருக்கும் அந்த வாக்கியம் கொஞ்சம் வலிக்கும்.

துருக்கி நாடாளுமன்றமும் இந்தத் தீர்ப்புகளுக்குக் காது கொடுத்தது. வற்புறுத்தல், வன்முறை, மிரட்டல் ஆகிய வழிமுறைகளை நியாயப்படுத்தும், புகழும், அல்லது தூண்டும் பிரசாரம் மட்டுமே குற்றம் என்று 2013 ஏப்ரலில் ஏழாம் பிரிவைத் திருத்தியது. ஏட்டில் இது நல்ல வரையறை. நடைமுறை வேறாக இருந்தது. 2016 ஜனவரியில் ஓர் ஆசிரியை தியார்பகிரிலிருந்து ஒரு பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசி, இங்கே குழந்தைகள் சாகிறார்கள், மௌனமாக இருக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். திருத்திய சட்டத்தின் கீழேயே அவருக்கு ஓர் ஆண்டு மூன்று மாதம் சிறை. அதே மாதம், குர்து நகரங்களில் அரசுப் படைகள் எடுத்த நடவடிக்கையைக் கண்டித்து வந்த ‘இந்தக் குற்றத்தில் நாங்கள் பங்காளிகளாக மாட்டோம்’ என்ற அறிக்கையில் கையெழுத்திட்ட பேராசிரியர்களில் நூற்றுக்கணக்கானோர் மீதும் அதே பிரிவில் வழக்கு பாய்ந்தது. இரண்டிலும் உரிமை மீறப்பட்டதாகத் துருக்கி அரசியல் சாசன நீதிமன்றம் 2019இல் சொன்னது. பேராசிரியர் வழக்கில் எட்டுக்கு எட்டு என்று வாக்குகள் சமமாகி, தலைமை நீதிபதியின் வாக்கு இருந்த பக்கம் தீர்ப்பானது. அவ்வளவு நூலிழையில் தொங்கியது.

கொடியும் ‘ஆலோசனையும்’

மேற்கு நாடுகள் இதில் துருக்கியை விட எவ்வளவோ மேல் என்பது உண்மை. ஆனால் அங்கேயும் பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல், யாரோடு தொடர்பு என்பதை வைத்தே முடிவெடுக்கும் பழக்கம் இருக்கிறது. ஜெர்மனி 1993 நவம்பரில் பிகேகேயைத் தடை செய்தது. 2017இல் தடைக்குட்பட்ட சின்னங்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் விரிவாக்கி, சிரியாவில் ஐஎஸ் அமைப்போடு போரிட்ட குர்துகளின் ஒய்பிஜி படையின் கொடியையும் அதில் கொண்டுவந்தது. அந்தக் கொடியைப் பகிர்ந்தவர்கள் மீது வழக்குகள் வந்தன. நீதிமன்றங்கள் ஒன்றுபோல் தீர்ப்பளிக்கவில்லை.

பிரிட்டனில் 2018 ஜனவரியில், வடக்கு சிரியாவின் குர்துப் பகுதியான ஆஃப்ரின் மீதான துருக்கித் தாக்குதலைக் கண்டித்து லண்டனில் நடந்த ஊர்வலத்தில் மூன்று பேர் பிகேகே கொடியைப் பிடித்திருந்தார்கள். ஆதரவாளர் என்ற சந்தேகம் எழும்படி கொடி பிடித்தாலே குற்றம், பிடித்தவரின் உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை, ஆனால் குற்றப் பதிவு நின்றது. பிகேகேயை பிரிட்டன் பட்டியலில் சேர்த்தது 2001 மார்ச்சில். அதே ஆணையில்தான் விடுதலைப் புலிகளும் சேர்ந்தார்கள். லண்டன் தமிழர்கள் புலிக்கொடி விஷயத்தில் சந்திப்பதும், இந்த மூவரைத் தண்டித்த அதே பிரிட்டன் பயங்கரவாதச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவைத்தான்.

அமெரிக்காவில் இந்த இரண்டு பெயர்களும் இன்னும் நெருக்கமாக ஒரே வழக்கில் வந்தன. மனித உரிமைக் குழு ஒன்று, ஐநாவிடம் எப்படி மனு கொடுப்பது, பன்னாட்டுச் சட்டத்தைக் கொண்டு பிரச்சினையை எப்படி அமைதியாகத் தீர்ப்பது என்று பிகேகேக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பியது. சில தமிழ் அமைப்புகள் புலிகளுக்குச் சமாதானப் பேச்சு தொடர்பான சட்ட உதவி போன்றவற்றைச் செய்ய விரும்பின. 2010 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. தனியாக நின்று பிகேகேயை எவ்வளவு வேண்டுமானாலும் ஆதரித்துப் பேசலாம். அந்த அமைப்போடு சேர்ந்து அதற்குப் பயிற்சியோ ஆலோசனையோ கொடுத்தால் குற்றம். ஆக, நியூயார்க் தெருவில் ‘ஆப்போ வாழ்க’ என்று கத்துவதற்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு. துப்பாக்கியை விட்டுவிட்டு ஐநாவுக்குப் போங்கள், எப்படி என்று நான் சொல்லித்தருகிறேன் என்று ஓஜலான் ஆட்களுக்கு வகுப்பெடுத்தால் சிறை. போரை முடிக்க உதவும் பேச்சையே தண்டிக்கிற இந்த முடிவு என்னால் ஏற்க முடியாத ஒன்று.

தொடர்பை மட்டும் வைத்துக் கோஷத்தை அளந்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ‘ஜின், ஜியான், ஆசாதி’ நல்ல உதாரணம். பெண், வாழ்வு, விடுதலை. இது ஓஜலானின் சிந்தனையைப் பின்பற்றிய குர்துப் பெண்கள் இயக்கத்தில் பிறந்து, துருக்கியின் குர்து நகரங்களிலும் வடக்கு சிரியாவிலும் வளர்ந்த கோஷம். 2022 செப்டம்பர் 17 அன்று, காவலில் இறந்த ஜினா மஹ்ஸா அமினியை ஈரானின் சக்கெஸ் ஊரில் அடக்கம் செய்தபோது பெண்கள் தலைத்துணியைக் கழற்றிக் காற்றில் ஆட்டியபடி இதை முழங்கினார்கள். சில நாட்களில் அது பாரசீகத்தில் ஈரான் முழுவதும், பிறகு உலகம் முழுவதும் ஒலித்தது. 2023இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தன் சகரோவ் பரிசை ஜினா அமினிக்கும் அந்தப் பெயரிலான இயக்கத்துக்கும் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலில் பிகேகே 2002 முதல் இருக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்பதே அளவுகோல் என்றால் இந்தக் கோஷத்துக்கு ஐரோப்பாவில் பரிசு கிடைத்திருக்காது, வழக்குதான் வந்திருக்கும். சொல் என்ன கேட்கிறது என்று பார்த்ததால்தான் பரிசு கிடைத்தது.

2025 மே மாதம் பிகேகே தன்னைக் கலைத்துவிடும் முடிவை அறிவித்தது. ஜூலை 11 அன்று இராக்கின் சுலைமானியா அருகே 30 போராளிகள் தங்கள் துப்பாக்கிகளைத் தீயிலிட்டார்கள். ஆகஸ்டில் அங்காரா நாடாளுமன்றம் சமாதானத்துக்கான ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையத்தின் முன் வந்த ‘அமைதி அன்னையர்’ குழுவைச் சேர்ந்த ஒரு தாய் குர்து மொழியில் பேச முயன்றபோது அனுமதி கிடைக்கவில்லை.

ஏழாம் பிரிவையும் 215ஐயும் வைத்துக்கொண்டு இந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி அங்கே எழுந்துகொண்டேதான் இருக்கும். முதலில் செய்யக்கூடியது பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை. 2013 திருத்தத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதை நீதிமன்றங்கள் எழுதியபடி பின்பற்ற வேண்டும். கோஷம் போட்டவரை நிறுத்துகிற அரசு வழக்கறிஞர், எந்த வன்முறையைச் செய்ய அது யாரைத் தூண்டியது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் அது நடக்கும் வாய்ப்பு இருந்ததா என்பதைக் காட்டட்டும். காட்ட முடியாத வழக்குகளில் விதித்த தண்டனைகள் மறு ஆய்வுக்கு வரட்டும். ஐரோப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது: கலைந்துவிட்டதாகத் தானே அறிவித்த ஓர் அமைப்பின் கொடிக்காகவும் படத்துக்காகவும் இன்னும் ஆட்களைப் பிடிக்கப் போகிறதா என்பதை பெர்லினும் லண்டனும் முடிவு செய்ய வேண்டும்.